பாடிய திமிங்கலமும் பாடாத திமிங்கலங்களும்

1979 ஜனவரி மாத ‘நேஷனல் ஜியாகரஃபிக்’ இதழைப் பிரித்தவர்களுக்கு உள்ளே பக்கங்களோடு பக்கமாக ஓர் இசைத்தட்டு கிடைத்தது. கடையில் விற்கும் தட்டைப் போலக் கெட்டியானதில்லை. வளைத்தால் வளையும் மெல்லிய பிளாஸ்டிக். எடுத்து ரெக்கார்டு பிளேயரில் வைத்தால் பாட்டு வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு முனகல், மெல்ல மேலேறி ஊளையாகி முடியும். பின்னாலேயே சின்னச் சின்னக் கீச்சுகள். கொஞ்சம் மௌனம். மறுபடி அதே முனகல். வாத்தியம் கிடையாது, தாளம் போட ஆள் கிடையாது. பாடியது கூன்முதுகுத் திமிங்கலம்.

அந்தத் தட்டு ஒரு கோடியே 5 லட்சம் பிரதிகள் அச்சானது. ஒரே இசைத்தட்டை ஒரே தடவையில் அவ்வளவு பிரதி எடுத்தது அதற்கு முன் எங்கும் நடந்ததில்லை. பெரிய பெரிய பாடகர்களுக்குக் கிடைக்காத மரியாதை, 40 அடிக்கு மேல் நீளமும் யானைகள் ஐந்தாறு சேர்ந்த எடையும் கொண்ட ஒரு கடல்விலங்குக்குக் கிடைத்தது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

காட்டுயிர்ப் பாதுகாப்பை மக்களிடம் கொண்டுபோகக் கலை வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பலரும் மனத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: விஞ்ஞானி உண்மையைக் கண்டுபிடிப்பார், அது கசக்கும், கலைஞர் வந்து மேலே சர்க்கரை தடவிக் கொடுப்பார். கூன்முதுகுத் திமிங்கலத்தின் விஷயத்தில் வேலை இப்படி நடக்கவில்லை. இசை கேட்டுப் பழகிய காதுகள் இருந்ததால்தான் அந்த அறிவியலே கிடைத்தது. பிரசாரம் பிறகு வந்தது, அதுவும் பாதி தானாக வந்தது.

எண்ணெய் மட்டுமே தெரிந்த காலம்

1960களில் திமிங்கலம் என்றால் மேற்குலகத்துக்கு எண்ணெய், இறைச்சி, எரு. மார்கரின் செய்யவும் சோப்பு காய்ச்சவும் எந்திரங்களுக்கு மசகு போடவும் அந்த எண்ணெய் போயிற்று. வேகமான கப்பலும், உடலுக்குள் பாய்ந்து வெடிக்கும் ஈட்டியும் வந்தபின் தப்பிக்கத் திமிங்கலத்துக்கு வழியே இல்லாமல் போனது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகக் கடல்களில் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் ஏறக்குறைய 29 லட்சம் என்று பிற்பாடு கணக்கிட்டிருக்கிறார்கள்.

1946இல் உருவான ஒப்பந்தத்தின்படி ஒரு சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் இருந்தது. பெயரிலேயே வேட்டை இருப்பதைக் கவனியுங்கள். தொழில் நீடிக்க வேண்டும், அதற்குச் சரக்கு தீர்ந்துவிடக் கூடாது என்பதே அதன் கவலை. கூன்முதுகுத் திமிங்கலம் அநேகமாகத் தீர்ந்தே போய்விட்ட நிலையில், 1966இல் உலகம் முழுவதும் அதை வேட்டையாடத் தடை வந்தது.

தடை காகிதத்தில் வந்தது. சோவியத் கப்பல்கள் வேறு கணக்கு வைத்திருந்தன. போருக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் தென்கோளக் கடல்களில் 2,710 கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பிடித்ததாக அவர்கள் ஆணையத்திடம் சொன்னார்கள்; உண்மையில் பிடித்தது 48,000க்கும் மேல். 1966 நவம்பரில் ஒரு சோவியத் கப்பல்கூட்டம் அரபிக்கடலுக்குள் வந்து ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று கரையோரமாகவே போய் ஒரே மாதத்துக்குள் 238 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றது. நம் கடலில் நடந்த இந்தக் கொலை நமக்கே தெரியாது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1990களில், அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த விஞ்ஞானிகளே உண்மையான ஏடுகளை வெளியே கொண்டுவந்தார்கள்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு ஏன் எழவில்லை என்று கேட்டால், எதிர்ப்பதற்கு முதலில் அந்த விலங்கைத் தெரிந்திருக்க வேண்டும். நீருக்குள் நீந்தும் பெருந்திமிங்கலத்தின் நல்ல புகைப்படம்கூட அன்று அநேகமாக இல்லை. மூச்சுவிட மேலே வரும் முதுகும், வேட்டைக்கப்பலின் தளத்தில் கிடக்கும் பிணமும்தான் ஜனங்கள் பார்த்தவை.

எந்திர அறையில் ஒரு கச்சேரி

ராஜர் பெய்ன் திமிங்கல ஆய்வாளராகத் தொடங்கியவர் இல்லை. இருட்டில் எலி நகரும் சத்தத்தை வைத்தே கூகை அதை எப்படிப் பிடிக்கிறது, வௌவாலின் ஒலியைக் கேட்டு விட்டில்பூச்சி எப்படித் தப்புகிறது என்றெல்லாம் ஆராய்ந்தவர். சுருக்கமாகச் சொன்னால், காது பற்றிய ஆள். செல்லோ வாசிப்பார். அவருடைய மனைவி கேட்டி பெய்ன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இசையும் உயிரியலும் படித்தவர்.

பாஸ்டனுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒருநாள் இரவு, செத்து ஒதுங்கிய ஒரு சிறு திமிங்கலத்தைப் பார்க்க ராஜர் மழையில் போனார். அவருக்கு முன்பே யாரோ வந்து போயிருந்தார்கள். வாலை வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். உடம்பில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கத்தியால் செதுக்கியிருந்தார்கள். மூச்சுத்துளையில் ஒரு சுருட்டுத் துண்டு செருகியிருந்தது. மனிதனுக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கும் உறவு இவ்வளவுதானா என்ற எண்ணம் அன்று தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறார்.

1967இல் கணவனும் மனைவியும் பெர்முடா தீவுக்குப் போனார்கள். அங்கே ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் அமெரிக்கக் கடற்படைக்கான ஒலி ஆய்வில் இருந்தார். கடலடியில் ஒலிவாங்கிகளை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அவர் வேலை. அந்தக் கருவிகளில் வேண்டாத விருந்தாளியாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆண்டுக்கணக்கில் அதைப் பதிவுசெய்து வைத்திருந்தவர், வெளியே மூச்சு விடவில்லை. வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்தால் இந்தச் சத்தத்தை வைத்தே தேடி வந்து பிடித்துவிடுவார்கள் என்ற பயம்.

பெய்ன் தம்பதியை நம்பலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு கப்பலின் எந்திர அறைக்குள், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு டேப்பை ஓடவிட்டார். கேட்டவர்களின் கண்ணில் நீர் வழிந்தது என்று கேட்டி நினைவுகூர்ந்திருக்கிறார். கடற்படை வேலையின் துணைச்சரக்காகக் கிடைத்த அந்த டேப்பின் நகலை வாட்லிங்டன் அவர்களிடம் கொடுத்து, திமிங்கலங்களைக் காப்பாற்றப் பயன்படுத்துங்கள் என்றார்.

கண்ணீர் ஆய்வாகாது. அழுகைக்கும் ஆய்வுக்கட்டுரைக்கும் நடுவே என்ன நடந்தது என்பதில்தான் கலையும் அறிவியலும் ஒன்றாக வேலை செய்த இடம் இருக்கிறது. ஆகவே அங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

தாளில் விழுந்த ராகம்

ராஜர் அந்த டேப்பை வீட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். வேலையாகக் கேட்கவில்லை, பிடித்துப்போய்க் கேட்டார். நாள்பட ஒரு சந்தேகம் வந்தது: இதையே சற்றுமுன் கேட்டோமே? அடுத்து வரப்போவது எது என்று முன்கூட்டியே தெரிகிறதே? ஒரு கச்சேரிப் பதிவைப் பலமுறை கேட்டவருக்கு அடுத்த சங்கதி வாய்க்கு வந்துவிடுவதைப் போல, திமிங்கலத்தின் அடுத்த ஒலி அவருக்கு வாய்க்கு வந்தது. அப்படியென்றால் இது கண்டபடி எழுப்பும் சத்தம் இல்லை. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

காதுக்குப் பட்டதைக் கண்ணுக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். அதற்கு ஸ்பெக்ட்ரோகிராஃப் என்ற கருவி இருந்தது. ஒலியை வாங்கித் தாளில் கோடாக இழுத்துத் தரும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழே தாழ்ந்த சுருதி, மேலே உயர்ந்த சுருதி. ஒரு முனகல் தாளின் அடியில் தடித்த பட்டையாக விழும். மேலேறும் ஊளை சாய்ந்து ஏறும் கோடாகும். கீச்சுகள் உச்சியில் குத்துக்குத்தாக நிற்கும். பின்னால் எதிரொலியும் கடலின் இரைச்சலும் சாம்பல் படலமாகப் பரவியிருக்கும். அந்தப் படலத்திலிருந்து திமிங்கலத்தின் கோட்டை மட்டும் பிரித்தெடுக்க ஒரே வழி, பென்சிலை எடுத்துக் கையால் அதன்மேல் வரைவது. வரைந்தார்கள். நீள நீளமான தாள்களை வரிசையாகப் பரப்பி, ஒரே உருவம் எங்கெங்கே வருகிறது என்று தேடினார்கள்.

இந்த வேலையில் நான்கு பேர் இருந்தார்கள். ராஜர், கேட்டி, பிரின்ஸ்டனில் பணியாற்றிய ஸ்காட் மெக்வே, அவருடைய மனைவி ஹெல்லா மெக்வே. ஹெல்லா கணிதக்காரர், கோடுகளில் திரும்பி வரும் வடிவத்தைப் பிடிப்பதில் அவர் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 1971 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் கட்டுரை வந்தபோது ஆசிரியர்களாக ராஜர், ஸ்காட் பெயர்கள் மட்டுமே இருந்தன. அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம்தான். விட மனம் வரவில்லை.

கட்டுரை சொன்னது இது. கூன்முதுகுத் திமிங்கலத்தின் ஒலிகளில் மிகச் சிறியது ஓர் அலகு. சில அலகுகள் சேர்ந்து ஒரு தொடர். அதே தொடர் பலமுறை வந்தால் அது ஒரு பகுதி. பல பகுதிகள் குறிப்பிட்ட வரிசையில் வந்தால் அது ஒரு பாட்டு. ஒரு பாட்டு 7 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை ஓடும்; முடிந்ததும் இடைவெளி விடாமல் முதலிலிருந்து தொடங்கும்; இப்படி மணிக்கணக்கில் போகும். ‘பாட்டு’ என்பதை உவமையாகச் சொல்லவில்லை, பறவைகளின் பாட்டை உயிரியலில் என்ன பொருளில் சொல்கிறோமோ அதே பொருளில் சொல்கிறோம் என்று கட்டுரை தெளிவாக வாதாடியது. டேப்பை வேகமாக ஓடவிட்டால் திமிங்கலத்தின் குரல் பறவைக் குரலாகவே கேட்கும் என்பது கூடுதல் வேடிக்கை.

அடுத்த கண்டுபிடிப்பு கேட்டியுடையது. என் கணக்கில் இதுதான் பெரியது. பல ஆண்டுப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பாட்டு மாறிக்கொண்டே வருவது தெரிந்தது. ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண்கள் எல்லாம் (பாடுவது ஆண்கள் மட்டுமே) ஒரு பருவத்தில் ஒரே பாட்டைப் பாடும். யாரோ ஒருவர் ஒரு தொடரை நீட்டுவார், இன்னொன்றை விடுவார். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளில் பழைய பாட்டு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். மரபணு இவ்வளவு வேகமாக மாறாது. இது கேட்டுக் கற்றுக்கொள்ளும் பாட்டு. விலங்குகளுக்குப் பண்பாடு உண்டா என்ற விவாதத்தில் இன்றும் முதல் வரிசைச் சாட்சியம் இது.

1988இல் கேட்டியும் லிண்டா கினியும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். பகுதிகள் அதிகமாக இருக்கும் நீண்ட பாட்டுகளில், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே மாதிரியான ஒலியில் முடிகின்றன. எதுகை போடுவதைப் போல. நீண்ட பாட்டை நினைவில் வைக்க அது உதவலாம் என்பது அவர்கள் ஊகம். ஆயிரக்கணக்கான செய்யுள்களை ஏட்டைப் பார்க்காமல் எதுகை மோனையைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்த சமூகத்தில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

இதன் தொடர்ச்சியாக ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் அந்நாட்டின் கிழக்குக் கரையில் இரண்டே இரண்டு திமிங்கலங்கள் வேறொரு பாட்டைப் பாடுவது பதிவானது. அது மேற்குக் கரையின் பாட்டு. 1998க்குள் கிழக்குக் கரை முழுவதும் தன் பாட்டை விட்டுவிட்டு அந்தப் புதுப் பாட்டுக்கு மாறிவிட்டது. பிறகு நடந்த ஆய்வுகளில், பாட்டுகள் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து தீவு தீவாகப் பசிபிக்கைக் கடந்து பிரெஞ்சு பாலினேஷியா வரை போவது தெரிந்தது.

இத்தனையும் ஏன் பாடுகின்றன? பெண்ணைக் கவரவா, மற்ற ஆண்களுக்குச் செய்தி சொல்லவா? ஆய்வாளர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

கடைக்கு வந்த தட்டு

‘சயின்ஸ்’ கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 1970இல், ‘சாங்ஸ் ஆஃப் த ஹம்ப்பேக் வேல்’ என்ற இசைத்தட்டு வந்துவிட்டது. ஆய்வாளர்கள் சாதாரணமாகச் செய்யாத காரியம். அதில் பேச்சு இல்லை. ‘திமிங்கலம் அழிகிறது, காப்பாற்றுங்கள்’ என்று யாரும் குரல் கொடுக்கவில்லை. ஐந்து பதிவுகள். ஒன்றில் ஒரே திமிங்கலத்தின் பாட்டு. அடுத்ததில் அதே பாட்டு, மெதுவாக ஓடவிட்டது. முதலில் காதில் விழாமல் நழுவிய நெளிவுகள் இரண்டாவதில் தனித்தனியாகக் கேட்கும். இதை ஒரு கலைஞரின் தந்திரம் என்றும் சொல்லலாம், ஆய்வாளரின் செய்முறை என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றே. தட்டோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் மட்டுமில்லாமல் ஜப்பானிய மொழியிலும் அச்சாகியிருந்தது. ஜப்பான் அன்றைக்குப் பெரிய வேட்டை நாடு. பேச்சில்லாத தட்டில் அரசியல் இருந்த இடம் அந்தக் கையேடு.

தட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. இயற்கை ஒலிப்பதிவு ஒன்று அவ்வளவு விற்றதில்லை. இசைக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆலன் ஹோவானஸ் எழுதிய இசையை நியூயார்க் ஃபில்ஹார்மானிக் குழு 1970இலேயே திமிங்கலப் பதிவோடு சேர்த்து வாசித்தது. ஜூடி காலின்ஸ் அதே ஆண்டு ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டை வாத்தியம் எதுவும் இல்லாமல், திமிங்கலக் குரல்களை மட்டும் பக்கபலமாக வைத்துப் பாடினார். அந்தப் பழைய பாட்டு, வேட்டைக்குக் கப்பலேறும் ஒருவன் ஊரிடம் விடைபெறும் பாட்டு. வேட்டைக்காரன் குரலும் வேட்டையாடப்படுவதன் குரலும் ஒரே பதிவில். விளக்கவுரை எழுதினால் கெட்டுவிடும் என்பதால் அவர் எழுதவில்லை போலும். 1977இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் மனிதர்கள் பல மொழிகளில் சொன்ன வணக்கங்களோடு திமிங்கலப் பாட்டும் ஏறிப் போனது.

அரசியல் களத்தில், 1970இல் அமெரிக்கா எட்டுப் பெருந்திமிங்கல இனங்களை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு பத்தாண்டு வேட்டைத் தடையைக் கேட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம். 1975இல் கிரீன்பீஸ் அமைப்பினர் ரப்பர் படகுகளில் சோவியத் வேட்டைக்கப்பலுக்கு முன்னால் போய் நின்றார்கள். 1979இல் செஷல்ஸ் நாடு முன்மொழிய, இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயம் ஆனது. 1982இல் வேட்டை ஆணையமே 25க்கு 7 என்ற வாக்கில் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க முடிவெடுத்தது.

ஒரு இசைத்தட்டு இத்தனையையும் செய்ததா? செய்தது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. தாவர எண்ணெய் மலிவாகி மார்கரினில் திமிங்கல எண்ணெயின் இடத்தைப் பிடித்திருந்தது. கடலில் திமிங்கலமே குறைந்து, டீசல் செலவுக்குக் கட்டாத தொழிலாகப் பல நாடுகள் ஏற்கெனவே கைகழுவியிருந்தன. காலமும் அப்படி: ரேச்சல் கார்சனின் நூல் 1962இல் வந்து மேற்கில் சுற்றுச்சூழல் அக்கறையைக் கிளப்பிவிட்டிருந்தது. பாட்டு இல்லாவிட்டாலும் வேட்டை ஒருநாள் நின்றிருக்கும், கடைசித் திமிங்கலத்துக்கு முன்பா பின்பா என்பதுதான் கேள்வி.

ஆனால் எல்லோரும் தாண்டிப் போய்விடும் ஒரு விஷயம் இருக்கிறது. பாடிய கூன்முதுகுத் திமிங்கலத்துக்குச் சட்டப்படி 1966லேயே தடை கிடைத்துவிட்டது. 1970களில் கப்பல்கள் துரத்திக்கொண்டிருந்தவை வேறு இனங்கள்: துடுப்புத் திமிங்கலம், சேய் திமிங்கலம், மிங்கி திமிங்கலம், எண்ணெய்த் திமிங்கலம். துடுப்புத் திமிங்கலத்தின் குரல் நம் செவியின் கீழெல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எண்ணெய்த் திமிங்கலம் டக் டக் என்று தட்டும் ஒலிகளையே எழுப்பும். இவற்றில் எதையும் தட்டில் போட்டால் யாரும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள். ஜனங்கள் பாட்டைக் கேட்டு எல்லாத் திமிங்கலத்துக்கும் சேர்த்து இரங்கினார்கள். ஒன்று பாடியது, எல்லாவற்றுக்கும் பலன் கிடைத்தது. 

அந்த அதிர்ஷ்டம் எல்லா விலங்குக்கும் வாய்ப்பதில்லை. பாக் விரிகுடாவின் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கு, அதாவது நம் கடற்பசுவுக்கு, இசைத்தட்டு விற்கும் குரல் இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசு அதற்காக 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகம் அறிவித்த செய்தி, அந்தக் கரையோர மாவட்டங்களுக்கு வெளியே எத்தனை பேரின் நினைவில் இருக்கிறது? அழகான குரலும் அழகான முகமும் உள்ளவற்றுக்கே கலை முதலில் போய்ச் சேரும். கலையைப் பாதுகாப்புக் கல்விக்கு அழைப்பவர்கள் இந்தப் பட்சபாதத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

தேவாலயத்து ஆர்கனும் யானையின் நெற்றியும்

கேட்டி பெய்ன் கதை திமிங்கலத்தோடு முடியவில்லை. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் கூண்டருகே சில நாள் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது காற்று நெஞ்சில் அதிர்வதாகத் தோன்றியது. காதில் எதுவும் விழவில்லை. ஊர் திரும்பும் வழியில், சிறுவயதில் பாட்டுக் குழுவில் பாடியபோது தேவாலயத்தின் பெரிய ஆர்கன் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற ஞாபகம் வந்தது. ஆகக் கீழான சுரத்தை வாசித்தால் கேட்பதற்குப் பதில் இப்படித்தான் உடம்பு அதிரும். திரும்பிப் போய்க் கருவி வைத்துப் பதிவுசெய்தார்கள். யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளில் பேசிக்கொண்டிருந்தன. மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே செவிடு. அந்த ஒலி எழும்போது யானையின் நெற்றித் தோல் படபடப்பதைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது. 1986இல் ஆய்வு வெளியானது. ஆப்பிரிக்கக் காட்டு யானைகளை ஒலியால் கணக்கெடுக்கவும், துப்பாக்கிச் சத்தத்தை வைத்துக் கள்ளவேட்டையை அறியவும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்று நடக்கும் திட்டம் அதிலிருந்து கிளைத்தது.

யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன என்பதை அதற்கும் முன்பே கவனித்துக் குறிப்பிட்டவர் சென்னையில் இருந்தார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர், தமிழிலும் எழுதினார். தன் கட்டுரைக்குத் தானே படம் வரைவார், தானே புகைப்படம் எடுப்பார். ஒலிப்பதிவுக் கருவி ஏதும் இல்லாமல் காட்டில் யானைக்கூட்டத்தைப் பார்த்தபடி நாட்கணக்கில் நின்ற ஓர் ஓவியரின் கவனிப்பு அது. யானையைத் தாளில் வரைய வேண்டுமென்றால் அதன் நெற்றியையும் பார்த்தாக வேண்டும்.

அரபிக்கடலின் பாடகர்கள்

1966இல் சோவியத் கப்பல்கள் விட்டுவைத்த கூன்முதுகுத் திமிங்கலங்கள் அரபிக்கடலில் இன்னும் இருக்கின்றன. உலகின் மற்றக் கூட்டங்கள் கோடையில் துருவக் கடலுக்கும் குளிரில் வெப்பக் கடலுக்கும் போய்வரும். இந்தக் கூட்டம் எங்கும் போகாமல் இங்கேயே இருக்கிறது. மொத்தம் நூறுக்கும் குறைவாக இருக்கலாம் என்பது மதிப்பீடு. 2017இல் ஓமன் கரையில் லூபான் என்று பெயரிட்டு, செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பெண் திமிங்கலம் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து, அப்படியே தெற்கே இறங்கி இந்தியாவின் தென்முனை வரை போயிற்று. கோவாவுக்குப் பக்கத்தில் கடலடி ஒலிவாங்கியில் கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டு பதிவாகி, ஆய்வாகவும் வந்திருக்கிறது. ஆக, இந்தப் பாட்டு பெர்முடாவில்தான் கேட்கும் என்பதில்லை.

இப்போது அதற்கு ஈட்டியால் ஆபத்தில்லை. மீன்வலையாலும் கப்பலாலும் ஆபத்து. 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இவ்வகைத் திமிங்கலங்களின் குரல்வளையை ஆராய்ந்து, அவை ஒலியெழுப்பும் முறையை விளக்கியது. அவற்றின் குரல், கப்பல் எந்திரங்களின் இரைச்சல் விழும் அதே தாழ்ந்த சுருதிகளில்தான் பெரிதும் விழுகிறது. அதைத் தாண்டிக் குரலை உயர்த்தி விலகிக்கொள்ள அந்த உடலமைப்பு அதிகம் இடம் தரவில்லை. சரக்குக் கப்பல்கள் நெருக்கியடிக்கும் கடல்களில் அரபிக்கடலும் ஒன்று.

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம் கொண்டாடுகிறோம். ஓவியப் போட்டி கட்டாயம் உண்டு. போட்டிக்கு வரும் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காலண்டரைப் பார்த்து வரைந்த புலி, பக்கத்தில் கண்ணீர் வடிக்கும் பூமி, மேலே ‘வனத்தைக் காப்போம்’. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பார்க்காத ஒன்றை வரையச் சொன்னால் பார்த்த படத்தைத்தான் வரைவார்கள். கோஷத்தை முதலில் கொடுத்துவிட்டுப் படத்தைப் பின்னால் கேட்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அக்டோபரில் ஒரு வகுப்பையாவது மாற்றிச் செய்து பாருங்கள். கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டு இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அது என்ன சத்தம் என்று சொல்லாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஆளுக்கொரு நீளத்தாள், ஒரு பென்சில். சத்தம் மேலே போனால் கோடு மேலே, கீழே வந்தால் கீழே, நின்றால் இடைவெளி. முடிந்ததும் தாள்களைத் தரையில் வரிசையாக வைத்து, ஒரே வடிவம் திரும்ப வரும் இடங்களை வட்டமிடச் சொல்லுங்கள். அதன்பிறகு, யார் பாடியது, எந்தக் கடல், இன்னும் எத்தனை மிச்சம் என்று அவர்களாகவே கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள்.